வண்டி தொலைந்தாலும் கடன் தொலையாது
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

பனியன் கம்பெனிக்குப் போய்வர குழுக்கடனில் வண்டி வாங்குகிறோம். "இன்சூரன்ஸ் இருக்குதுங்க" என்கிறோம். எந்த இன்சூரன்ஸ்? தேர்டு பார்ட்டி மட்டும் என்றால், நம்ம வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான் பணம். வண்டி திருடு போனால் ஒரு பைசா வராது. தவணை மட்டும் நிற்காது. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்குக் கட்டாயமான 5 வருஷ இன்சூரன்சும் இதுதான். திருட்டுக்குச் சேர்த்து எடுத்தது பலருக்கு முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். வருஷாவருஷம் புதுப்பிக்கணும்.

வண்டி திருடு போனால் அன்றைக்கே போலீசில் எஃப்.ஐ.ஆர். போடுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்க. இரண்டு சாவியும் கேட்பாங்க, பத்திரம். போலீசில் உடனே சொல்லியிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டிப் பணம் மறுக்கக்கூடாது என்று 2020-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். அதற்கும் மறுத்தால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாலிசியை எடுத்துப் பாருங்க. புரியலைன்னா அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க, சேர்ந்து படிப்போம்.