வேப்பிலைச் சாறும் துத்தநாகத் துகளும்: மூன்று சொற்கள்



மொழியியலார்க்கு வேதியியற் கூடத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். அறிவியலில் சொல் பிறழ்ந்தால் பொருளும் பிறழும். அதற்குச் சான்றாக ஓர் ஆய்வைக் காண்போம்.

வேப்பிலையை நீரில் காய்ச்சி வடித்த சாற்றைத் துத்தநாக நைட்ரேட்டுக் கரைசலுடன் கலந்து சூடாக்குகின்றனர். கிடைப்பதை உலர்த்திச் சில நூறு பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் வெண்ணிறத் துத்தநாக ஆக்சைடுத் துகள்கள் கிடைக்கின்றன. அவை 100 நானோமீட்டருக்கும் சிறியவை. 1 மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறே 1 நானோமீட்டர்.

இத்துகளை 'நுண்துகள்' எனப் பலர் எழுதுகின்றனர். நுண்ணோக்கி, நுண்ணுயிரி என 'நுண்' என்பதை நாம் மைக்ரோ அளவிற்கு வழங்கிவிட்டோம். நானோ அதனினும் ஆயிரம் மடங்கு சிறிது. பாக்டீரியா ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் அளவினது. இரண்டையும் 'நுண்' என்றால், கிருமியும் அதனைத் தாக்கும் துகளும் மாணவர் மனத்தில் ஒரே அளவினவாகிவிடும். 'நானோ துகள்' அல்லது 'மீநுண் துகள்' என்பதே தகும்.

அடுத்தது 'ஒடுக்கம்'. வெள்ளி அயனி எலக்ட்ரானை ஏற்று உலோகமாவது ஒடுக்கம். துத்தநாகமோ உப்பிலும் ஆக்சைடிலும் +2 நிலையிலேயே இருக்கிறது. எனவே இங்கு ஒடுக்கம் இல்லை. இலையிலுள்ள பாலிபீனால்கள் துத்தநாக அயனியைப் பிணைக்கின்றன. துகள்கள் ஒன்றோடொன்று திரளாமல் காக்கின்றன. சுடும்போது அவை பெரும்பாலும் எரிந்துபோகின்றன. முன்பு மாணவர் ஒருவர் 'பிணைத்தல்' என்றே எழுதியிருந்தார். நாம் அதனை அடித்து 'ஒடுக்கம்' எனத் திருத்தினோம். அவர் எழுதியதே சரி, பிழை நம்முடையது.

மூன்றாவது சொல் 'மருந்து'. ஆய்வுத் தட்டில் இத்துகள்கள் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. துத்தநாக அயனிகளை வெளியிட்டும், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கியும் கிருமியின் சவ்வைச் சிதைக்கின்றன. அளவு மிகுந்தால் இதே செயல் மனித உயிரணுவையும் தாக்கும். மேலும், மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப இலைச்சாற்றின் கூறுகள் மாறுகின்றன. துகளின் அளவும் வடிவும் அதற்கேற்ப மாறக்கூடும்.

'வேப்பிலை' என்றதும் அம்மை கண்ட வீட்டின் வாயிலில் செருகிய கொத்து நம் நினைவுக்கு வருகிறது. அந்நம்பிக்கை துகளின்மீதும் படிந்துவிடுகிறது. 'வேப்பிலையில் செய்த மருந்து' என எழுதினால், படிக்கும் தாய் அது தீங்கற்றது என்றே கொள்வார். துகளிலுள்ள துத்தநாகம் உப்பிலிருந்து வந்தது, இலையிலிருந்து அன்று. உடலில் அளவும் பாதுகாப்பும் மெய்ப்பிக்கப்படும்வரை 'கிருமியெதிர்ப்பு ஆற்றல்' என்பதோடு நிற்பதே நேர்மை.

ஆசிரியர்களே, மாணவர் கலைச்சொல்லை எழுதியவுடன் மதிப்பெண் இட்டுவிடாதீர்கள். 'அங்கு என்ன நிகழ்ந்தது?' என்று தமிழிலேயே கேளுங்கள். மாணவர்களே, நாம் திருத்தினாலும் உங்கள் சொல் சரியெனில் எழுந்து கூறுங்கள். அன்று அம்மாணவர் அமைதியாக அமர்ந்துவிட்டார். அவர் பேசியிருந்தால் நாம் அன்றே கற்றிருப்போம்.