எண்ணிக்கையில் ஏறினாள், செக்ரோலில் ஏறவில்லை

(சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் துணி ஊறிக் கிடக்கும், விறகு பொறுக்கப் போகவேண்டியிருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றிவளைக்காமல் பேசுகிறேன்.

நம் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்குப் "பேர்" என்று சொல்கிறோம். இந்த மாதம் எத்தனை பேர் என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். நிறை குறைந்தால் அரைப்பேர். காலையில் மலைக்குப் போனது உண்மை, மழையில் நனைந்தது உண்மை, அட்டை கடித்ததும் உண்மை. செக்ரோலில் பேர் விழவில்லையென்றால் அந்த நாள் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு இந்தியாவின் கணக்கு ஒன்றைக் கேளுங்கள்.

இந்திய அரசாங்கம் 2017 முதல் தொடர்ந்து ஒரு தொழிற்படை ஆய்வு நடத்துகிறது. வீடு வீடாகப் போய், இந்த வீட்டில் யார் வேலை செய்கிறார்கள், யார் வேலை தேடுகிறார்கள் என்று கேட்கிறார்கள். 2017-18இல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 23.3 வீதமானவர்கள்தான் தொழிற்படையில் இருந்தார்கள். நான்கு பெண்களில் ஒருவர்கூட இல்லை. 2023-24இல் அது 41.7 வீதம். கிராமப்புறத்தில் மட்டும் பார்த்தால் 24.6இலிருந்து 47.6க்கு ஏறியிருக்கிறது. ஆறே வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன, அமைச்சர்கள் மேடையில் சொன்னார்கள். நல்ல செய்திதானே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அடுத்த அட்டவணையைப் பார்த்தேன். வேலை செய்கிற பெண்கள் என்ன மாதிரி வேலை செய்கிறார்கள் என்று அதில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். 2017-18இல் வேலை செய்த 100 பெண்களில் 21 பேர் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள், 27 பேர் நாட்கூலிக்குப் போனார்கள், 52 பேர் சுயதொழில். 2023-24இல் மாதச் சம்பளக்காரர் 16ஆகக் குறைந்துவிட்டார்கள். நாட்கூலி 17. சுயதொழில் 67.

சுயதொழில் என்றதும் கடை வைத்திருக்கிறாள், தையல் மெஷின் வைத்திருக்கிறாள் என்று நமக்குத் தோன்றும். அப்படிப்பட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் அந்த 67 பேரில் 37 பேருக்கு ஆய்வு கொடுத்திருக்கிற பெயர் "குடும்பத் தொழிலில் உதவியாளர்". அதாவது புருஷனுடைய வயலில் களை பறிக்கிறவள், மாமனாருடைய மாட்டைப் பார்க்கிறவள், வீட்டுக் கடையில் உட்காருகிறவள். அவளுக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை. ஒரு ரூபாய்கூடத் தனியாகக் கிடையாது. இந்தியாவில் வேலை செய்கிற பெண்கள் என்று எண்ணப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி. இன்னொன்றும் உண்டு. வருடத்தில் 30 நாள் அப்படி உதவி செய்திருந்தாலே அந்த ஆய்வில் அவள் தொழிற்படையில் சேர்ந்துவிடுவாள்.

நான் அந்தக் கணக்கைப் பொய் என்று சொல்லவில்லை. முன்பு அவளை எண்ணாமலே விட்டார்கள், இப்போது எண்ணுகிறார்கள் என்றால் அதுவும் ஒரு முன்னேற்றம்தான். 2020இல் கொரோனா முடக்கத்தில் நகரங்களில் வேலை இழந்து, பஸ்ஸும் ரயிலும் இல்லாமல் நூற்றுக்கணக்கான மைல் நடந்தே ஊர் திரும்பினார்களே, அந்தக் குடும்பங்கள் திரும்பவும் நிலத்தை நம்ப வேண்டி வந்தது. பெண்களும் நிலத்தில் இறங்கினார்கள். ஏன் இவ்வளவு ஏறியது என்று பொருளாதாரம் படித்தவர்கள் இன்னும் தங்களுக்குள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நமக்கு அந்த வாதம் வேண்டாம். நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவளுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

எண்ணாமல் விட்டது இன்னும் பாக்கி இருக்கிறது. தண்ணீர் தூக்குவது, சமைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, படுக்கையில் கிடக்கிற மாமியாரைப் புரட்டிப் போடுவது ஆகியவை அந்த ஆய்வில் வேலை இல்லை. அடுப்புக்கு விறகு பொறுக்கி வந்தாலும் இல்லை. இந்தியா 2024இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று வேறொன்று நடத்தியது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஐந்து மணித்தியாலத்துக்குப் பதினொரு நிமிடம் குறைவு. வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். (பின்வரிசையில் ஆண் தோழர்கள் சிரிக்கிறார்கள். 88 நிமிடமாவது செய்கிறீர்களா என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கவேண்டும்.)

பேர் விழாத உழைப்பு என்று தெரிந்தும் எழுந்து நின்ற பெண்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். அகமதாபாத் நகரத்தில் தலைச்சுமை தூக்குகிற பெண்கள், வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்கள், தெருவில் காய்கறி விற்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து 1972இல் ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். "சேவா" என்று அதற்குப் பெயர். முன்னின்றவர் இலா பட் என்ற வழக்கறிஞர். பதியப் போனபோது தொழில் திணைக்களம் மறுத்தது. உங்களுக்கு முதலாளி யார், முதலாளி இல்லாதவர்களுக்கு எதற்குச் சங்கம் என்று கேட்டார்கள். சங்கம் என்பது யாரோ ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, தொழிலாளர் ஒன்றுசேர்வதற்கு என்று இவர்கள் வாதாடினார்கள். கடைசியில் அந்த வருடமே பதிவு கிடைத்தது. 1974இல் தங்களுக்கென்று வங்கியும் தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்தான் அதில் பெரும்பாலும். இன்று அந்தச் சங்கத்தில் பல இலட்சம் பெண்கள்.

இனி, நமக்குச் சொந்தக்காரர்கள் கதை. மூணாறு, கேரளத்தில் இருக்கிறது. அங்கே தேயிலை மலையில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து போனவர்களுடைய பேரப்பிள்ளைகள். நம்முடைய முன்னோர் கடல் தாண்டினார்கள், அவர்கள் மலை ஏறினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 2015 செப்டெம்பரில் கம்பெனி 20 வீதமாக இருந்த போனஸை 10 வீதமாகக் குறைத்தது. அப்போது அவர்களுடைய நாட்சம்பளம் 232 இந்திய ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் மலையை விட்டு இறங்கி வந்து கொச்சி - தனுஷ்கோடி வீதியில் உட்கார்ந்தார்கள். தனுஷ்கோடி என்றதும் வயதானவர்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஆமாம், தலைமன்னாருக்குக் கப்பல் வந்த அதே தனுஷ்கோடிதான்.

ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். "பெம்பிளை ஒருமை" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் ஒற்றுமை என்று அர்த்தம். ஆதரவு சொல்ல வந்த தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. எங்களுடைய சந்தாவை வாங்கிக்கொண்டு கம்பெனியோடு சேர்ந்து பேசுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். சங்க மேடையில் நின்று இதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் உட்காருகிறவர்கள் ஆண்கள் என்றால் ஒரு நாள் அந்தச் சொல் எங்கள் முகத்திலும் விழும். 20 வீதத்தையும் வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். அடுத்த மாதம் சம்பளம் 301 ரூபாய் ஆனது. அவர்கள் கேட்டது 500. அந்த அமைப்பு பிறகு பிளவுபட்டுத் தேய்ந்துபோனது, அதையும் மறைக்கக்கூடாது.

அகமதாபாத் பெண்களையும் மூணாறு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூணாறில் போனஸைக் கேட்க ஒரு கம்பெனி இருந்தது. செக்ரோல் இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடும் வைத்தியமும் கேட்க முடிந்தது, 50 பெண்கள் வேலை செய்தால் பிள்ளைமடுவம் கேட்க முடிந்தது. அதெல்லாம் "தொழிலாளி" என்ற ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கியது. வயலில் உதவியாளராக எண்ணப்பட்டவளுக்குப் பிடிக்க அந்தச் சொல் இல்லை. அவள் யாரிடம் போய்ப் போனஸ் கேட்பாள்? புருஷனிடமா?

இதை ஏன் இந்தக் கூட்டத்தில் சொல்கிறேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நம்முடைய சில தோட்டங்களில் வெளியார் உற்பத்தி முறை என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். இத்தனை செடி உனக்கு, நீயே பராமரி, நீயே பறி, கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கங்காணி கத்தமாட்டார், நேரத்துக்குப் பிரட்டுக்கு ஓடவேண்டாம். சில குடும்பங்கள் கையில் கூடுதலாகக் காசு பார்த்திருக்கிறார்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கிலோ விலை உண்டு, பேர் இல்லை. பேர் இல்லாத நாளுக்குக் கம்பெனி போடவேண்டிய 12 வீத சேமலாப நிதி எங்கிருந்து வரும்? 3 வீத நம்பிக்கை நிதி? சேவைக்காலப் பணம்? பிரசவச் சம்பளம்? ஒப்பந்தம் புருஷன் பெயரில் இருந்தால், கூடவே நின்று பறிக்கிற மனைவி யார்? அவள்தான் அந்த 37 பேரில் ஒருத்தி. நாளைக்கு நம் நாட்டு ஆய்வில் அவளையும் வேலை செய்பவள் என்று எண்ணிக்கொள்வார்கள்.

அகமதாபாத் பெண்கள் வேறு வழியில்லாமல் முதலாளி இல்லாத இடத்தில் சங்கம் கட்டினார்கள். நமக்கு இன்னும் முதலாளி இருக்கிறார். செக்ரோலும் இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு உட்காருகிறேன். உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு ஒப்பந்தத்தாளை நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். எந்த மொழியில் இருந்தாலும் ஒரு பிரதி கேளுங்கள். தரமாட்டோம் என்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்தால் உட்கார்ந்து வரிவரியாக வாசித்துச் சொல்வோம். வரும்போது வீட்டுக்காரரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் வாருங்கள்.