சக்கரம் தேயலாம், குழு தேயக் கூடாது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், வட்டி, சேமிப்பு பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். இன்னைக்கு நாங்க பேச வந்தது ஒரு சக்கரத்தைப் பத்தி. சிரிக்காதீங்க. அந்தச் சக்கரத்தால எங்க குழுவே உடையப் பார்த்துச்சு.

எங்கள் குழுவில் 14 பேர். சீசன் வந்தால் பாதிப் பேர் விடியக்காலம் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவோம். மீதிப் பேருக்கு மாடு உண்டு, கொஞ்சம் காடு உண்டு. மலைச் சரிவில் சக்கரம் ஏறாது, அங்கே சுமைதான். ஆனால் கீழே வீட்டில் இருந்து காட்டுக்கு எரு கொண்டுபோக, விறகு கொண்டுவர, தண்ணீர்க் குடம் எடுத்துவர எதுக்குத் தலைச்சுமை என்று யோசித்து, குழுச் சேமிப்பில் ஒத்தச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்கினோம். முறை வைத்து எடுத்துக்கொண்டோம். பிடரி வலி குறைந்தது. நாலு நடை ஒரே நடையாக ஆனது.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு சகோதரி வண்டியைத் திருப்பி விட வந்தபோது சக்கரம் தட்டையாகக் கிடந்தது. "நான் எடுக்கும்போதே காத்துக் கம்மியாத்தான் இருந்துச்சுக்கா" என்று சொன்னார். நாங்கள் நம்பவில்லை. கடைசியாக எடுத்தவர்தானே செலவு கட்ட வேண்டும் என்று கூட்டத்தில் பேசினோம். அவர் பேசாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்து விட்டார்.

வண்டியும் கிடந்தது. அவசரத்துக்கு இரண்டு பேர் காற்று இல்லாமலே தள்ளினார்கள். அதனால் டியூப் மடிந்து கிழிந்தது, ரிம் ஓரமும் நெளிந்தது. பஞ்சர் ஒட்டுகிற காசில் முடிந்திருக்க வேண்டிய வேலை, டயர், டியூப் இரண்டையும் மாற்றுகிற செலவாகிவிட்டது. நாலு மாசம் எல்லோரும் பழையபடி தலையில் தூக்கினோம்.

கடைசியில் நாங்களே சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். டயரைப் பிரித்துத் துணியை உள்ளே விட்டுத் தடவினால், மூன்று இடத்தில் சீமைக்கருவேல முள். வெளியே நுனி ஒடிந்து, நாள்பட்டு, கறுத்துப் போயிருந்தது. அது ஒரே நாளில் ஏறிய முள் இல்லை. நாங்கள் எல்லோரும் தள்ளிய நாட்களில் ஏறிய முள். அந்தச் சகோதரி சொன்னது நிஜம். அன்றைக்குச் சாயங்காலமே நாலு பேர் அவர் வீட்டுக்குப் போய், "தங்கச்சி, தப்பு எங்க மேலதான்" என்று சொல்லிக் கூட்டி வந்தோம். "முள்ளு ஏறினது சக்கரத்துல. நீங்க பேசினது என் நெஞ்சுல ஏறிருச்சே" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலில், இந்த ஒற்றைச் சக்கரம் ஏன் முக்கியம்? வண்டியில் சக்கரம் முன்னால், பாரம் நடுவில், நம்ம கை பின்னால். சக்கரத்தில் இருந்து கைப்பிடி நாலரை அடி என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எருவைச் சக்கரத்தில் இருந்து ஒன்றரை அடியில் வைத்தால் கைக்கு வருவது 20 கிலோதான். மீதி 40 கிலோவைச் சக்கரம் தாங்கும். பாரத்தைக் கைப்பக்கம் தள்ளி வைத்தால் அந்த லாபம் போய்விடும். அதனால் மூட்டையை எப்போதும் சக்கரத்தை ஒட்டி வையுங்கள்.

நம்ம மலைக்கு மேலேயே இதற்கு ஒரு உதாரணம் இருந்தது. மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். பாரத்தின் பெரும்பகுதி தண்டவாளத்தில் ஓடும் சக்கரத்தின் மேல். பக்கத்தில் தரையில் ஓடிய பெரிய சக்கரம் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும். இழுத்தது மாடுகள். 1908-ல் அதை இரட்டைத் தண்டவாளமாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனில் இருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்துபோனது. பாரம் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ரயிலுக்கும் நம்ம வண்டிக்கும் ஒரே கணக்கு.

பஞ்சர் என்றால் என்ன செய்வது? வால்வு ஊசியை அமுக்கிக் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். இதை மறக்கவே கூடாது. சில ரிம் இரண்டு தட்டுகளைப் போல்ட் போட்டுச் சேர்த்தது. காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டைக் கழற்றினால் தட்டு தெறித்து முகத்தில் அடிக்கும். காற்று இறங்கிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

டியூப்பை எடுத்துக் கொஞ்சம் காற்று ஏற்றித் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். அதை ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து பிசுபிசுப்பாக ஆன பிறகு ஒட்டுத்துண்டு வைத்து அழுத்த வேண்டும். டியூப்பைத் திரும்பப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவி முள்ளை எடுக்க வேண்டும். முள் உள்ளே இருந்தால் புது டியூப்பும் அன்றைக்கே போய்விடும்.

எப்போது ஒட்டுவது, எப்போது மாற்றுவது? டயரில் நூல் தெரிந்தாலோ, பக்கவாட்டில் வெடிப்பு இருந்தாலோ டயரை மாற்றுங்கள். வால்வு அடியில் டியூப் கிழிந்தால் ஒட்டு நிற்காது, டியூப்பை மாற்றுங்கள். சக்கரம் ஆடினால் டயர் மேல் பழி போடாதீர்கள். நடுவில் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கும்.

வாங்கப் போகும்போது பழைய சக்கரத்தையே கையில் கொண்டு போங்கள். டயர் ஓரத்தில் அளவு எழுதியிருக்கும். 4.00-8 என்று இருந்தால் அது ஆட்டோ டயர் அளவு. 8 என்பது ரிம் அங்குலம். அந்த டயர் டவுனில் சுலபமாகக் கிடைக்கும். 3.50-8 இருந்த இடத்தில் 4.00-8 போடுவதென்றால் அகலம் கூடும். இரண்டு பக்கக் கம்பியிலும் உரசுமா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். முழுச் சக்கரமும் வாங்குவதானால் அச்சின் கனம், நடுக் குழாயின் நீளம் இரண்டையும் அளந்து போக வேண்டும்.

"பஞ்சரே ஆகாத கட்டி ரப்பர் சக்கரம் வாங்கலாமே" என்று கேட்பீர்கள். முள் பயம் இல்லைதான். ஆனால் கல்லுப் பாதையில் ஒவ்வொரு அதிர்ச்சியும் கைக்கும் தோளுக்கும் வரும். சமமான தளத்தில் ஓட்டும் குழுக்கள் அதை வாங்கலாம். எங்கள் பாதைக்குக் காற்றுச் சக்கரமே சரி என்று முடிவு செய்தோம்.

காற்று எவ்வளவு என்பதும் டயரிலேயே இருக்கும். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. லாரிக்குக் காற்றுப் பிடிக்கும் கடையில் ஒரே அமுக்கில் ஏற்றினால் சின்னச் சக்கரம் வெடிக்கும். கால் பம்ப் போதும். வேலை முடிந்ததும் பாரத்தோடு வெயிலில் விடாமல், காலி செய்து நிழலில் கவிழ்த்து வையுங்கள்.

கடைசியாக எங்கள் தீர்மான நோட்டில் எழுதியதைச் சொல்கிறோம். வண்டி எடுக்கும்போதும் விடும்போதும் இரண்டு பேர் சேர்ந்து டயரை அமுக்கிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எடுக்கிறவர் ஒவ்வொரு தடவையும் 2 ரூபாய் சக்கர உண்டியலில் போட வேண்டும். தேய்மானத்துக்கு யார் மேலும் அபராதம் கிடையாது. தேயுறதுக்குத்தானே சக்கரம். காற்று இல்லாமல் தள்ளினால் மட்டும் அபராதம் உண்டு.

இப்போது எங்கள் ஊரில் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுப்பது யார் தெரியுமா? அன்றைக்குக் கூட்டத்தை விட்டு எழுந்து போன அதே சகோதரிதான். உங்கள் குழுவில் மூலையில் கிடக்கும் வண்டி இருந்தால் தூக்கிட்டு வாங்க. சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம்.