பிரஸ் மெஷின் நின்றால் என்ன செய்வது?



தாராவி 13 கம்பவுண்டில் என்ன வேலை நடக்கிறது? மும்பை தூக்கி எறிந்த அட்டை, காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் அங்கே வந்து சேருகிறது. தரம் பிரித்து விற்கிறார்கள். அட்டையை அப்படியே லாரியில் ஏற்றினால் இடம் போதாது. பிரஸ் மெஷினில் அழுத்திக் கம்பியால் கட்டினால் லாரியில் நிறைய ஏறும். ஊரில் வயலில் வைக்கோலைக் கட்ட மெஷின் வந்திருக்கிறது அல்லவா? இதுவும் அதைப் போன்ற வேலைதான்.

பழைய பிரஸ் அடிக்கடி நிற்கும். மெஷின் நின்றால் கூலியும் நிற்கும். அந்த அவசரத்தில் கையை உள்ளே விடுகிறோம். மெஷினின் உதிரிபாகம் கடையில் கிடைக்கும். நம் விரல் எந்தக் கடையில் கிடைக்கும்?

பிரஸ் எப்படி அழுத்துகிறது?

லாரிக்கு ஜாக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறிய கைப்பிடியை அடித்தால் பெரிய லாரி உயருகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய்தான் அந்த பலத்தைத் தருகிறது. பிரஸ்ஸிலும் அதுவே நடக்கிறது. மோட்டார் பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குத் தள்ளுகிறது. சிலிண்டர் தட்டை அழுத்துகிறது. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் இத்தகைய பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார்.

தொடும் முன்பு என்ன செய்ய வேண்டும்?

1. தட்டைக் கீழே இறக்குங்கள். இறங்கவில்லையா? உறுதியான மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள்.
2. மெயின் சுவிட்சை அணையுங்கள். பியூஸைக் கழற்றி உங்கள் பையில் வையுங்கள். வேறு யாரும் போட முடியாது.
3. எல்லோரும் விலகி நின்ற பிறகு, லீவரை முன்னும் பின்னும் அசையுங்கள். பிரஷர் மீட்டரின் முள் 0-க்கு வர வேண்டும். அதன் பிறகுதான் கை வைக்கலாம்.

மோட்டார் ஓடுகிறது, தட்டு இறங்கவில்லை

முதலில் தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் நழுவுகிறதா என்று பாருங்கள். புதிதாக வயரிங் செய்த பிறகு இப்படி ஆனதா? மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம். உடனே நிறுத்துங்கள். வயர்மேன் மூன்று வயரில் இரண்டை மாற்றினால் சரியாகும்.

தட்டு இறங்குகிறது, ஆனால் அழுத்தவில்லை

எண்ணெய் வடிகட்டி அடைத்திருக்கலாம். சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கலாம். சிலர் பிரஷர் வால்வை இன்னும் முறுக்குவார்கள். அது வேண்டாம். அளவு மீறினால் குழாய் வெடிக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கரகரவென்று சத்தம்

எண்ணெய் குறைந்திருக்கும். அல்லது உறிஞ்சும் குழாயில் காற்று புகுந்திருக்கும். எண்ணெயில் நுரை தெரியும். எண்ணெய் பால் போல வெளுத்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மழைக்காலத்தில் கூரை ஒழுகும் இடத்தில் தொட்டியை மூடி வையுங்கள்.

எண்ணெய் கசிகிறது

கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். யாருக்காவது எண்ணெய் குத்திவிட்டால், காயம் எறும்புக்கடி போலத் தெரிந்தாலும் உடனே சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தால் கையையே எடுக்க நேரலாம்.

கட்டு கோணலாக வருகிறது

அட்டையை ஒரே பக்கம் போட்டிருப்பீர்கள். சமமாகப் பரப்புங்கள். தட்டு ஓடும் தடத்துக்கு கிரீஸ் போடுங்கள். கதவைத் திறக்கும்போது பக்கவாட்டில் நில்லுங்கள். அழுத்திய அட்டை விரியும்போது கதவு வேகமாக அடிக்கும்.

கடைசியாக ஒரு வேலை. உங்களுக்கு இப்போது எழுதத் தெரியும். மெஷின் அருகில் ஒரு நோட்டைத் தொங்க விடுங்கள். தேதி, என்ன கோளாறு, என்ன செய்தோம், எவ்வளவு எண்ணெய் ஊற்றினோம் என்று நான்கு வரி எழுதுங்கள். மெஷினில் ஒட்டியுள்ள தகட்டைப் படித்து, அதில் உள்ள அழுத்த அளவை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மெக்கானிக் வந்ததும் அதைக் காட்டுங்கள். சென்ற மாதம் மாற்றிய சீலை இந்த மாதமும் மாற்றச் சொன்னால், "ஏன்?" என்று நீங்கள் கேட்கலாம்.