இரத்தம் தேடும் தம்பிமார்கள் சொன்னது
(நமது டிரஸ்டின் இரத்த தானக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





இரத்தம் கொடுத்தவரை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுக்கிறோம். அவரை நடு இரவில் எழுப்பி, பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், திரும்ப வீட்டில் விட்ட தம்பியை யாரும் கேட்பதில்லை. அந்தத் தம்பிமார்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு நமது குழுவிலிருந்து ஒவ்வொருவராக விலகினார்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஒரு செயலி செய்தால் சரியாகும் என்றார் ஒரு சகோதரர். வடிவமைப்புப் படிக்கும் நம் வீட்டுப் பெண் ஒருத்தி, "அது அப்புறம் இருக்கட்டும் மாமா, முதல்ல அவங்ககிட்ட உட்கார்ந்து கேளுங்க" என்றாள். முறையும் அவளே சொல்லிக்கொடுத்தாள். படிவம் வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம். கடைசியாக வந்த அழைப்பை முதலிலிருந்து முடிவு வரை சொல்லச் சொல்ல வேண்டும், நடுவில் அறிவுரை கூறக் கூடாது. அறிவுரை கூறாமல் இருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது!

ஒலிமுகமதுபேட்டை டீக்கடையில் ஒரு தம்பி சொன்னதை மறக்க முடியவில்லை. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகடிவ் தேவை. இஷாவுக்குப் பிறகு அழைப்பு வந்தது. இரவு இரண்டு மணி வரை போன் அடித்து, செங்கல்பட்டிலிருந்து ஒருவரை விடியற்காலையில் வரவழைத்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போனால், அந்தப் பெண் முந்தின இரவு பத்தரைக்கே மவுத்தாகிவிட்டார். துக்கத்தில் இருந்த குடும்பத்தைக் குறை சொல்ல முடியுமா? "அதுக்கப்புறம் போன் அடிச்சாலே நெஞ்சு பதறுது பாய்" என்றார் அந்தத் தம்பி. விலகியவர்களில் அவரும் ஒருவர்.

இந்தப் பாரம் ஏன் இவர்கள் தலையில் விழுந்தது? காசுக்கு இரத்தம் கொடுக்கும் வழக்கம் 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. நல்ல தீர்ப்புதான். ஆனால் இருப்பு இல்லாத நேரத்தில் ஆள் தேடும் வேலை குடும்பத்துக்கும் தொண்டர்களுக்கும் வந்தது. முகாம் நடத்திச் சேர்த்த சிவப்பணுக்கள் 35 நாள், சில முறைகளில் 42 நாள் தாங்கும். தட்டணுக்களோ 5 நாள்தான். எத்தனை முகாம் போட்டாலும் இரவு போன் ஓயாது.

பெண் தொண்டர்கள் வேறொன்று சொன்னார்கள். ஹீமோகுளோபின் 12.5 இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். காரணம் சொல்லாமல் அனுப்பியதால், தனக்கு ஏதோ நோய் என்று ஒரு சகோதரி பல நாள் அழுதிருக்கிறார். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் பயத்தில் வருவதில்லை என்று நாமாக நினைத்திருந்தோம். "தறிக்குழியில ஒரு நாள் இறங்கலைன்னா அன்னிக்குக் கூலி போச்சு" என்றார் ஒருவர். முகாமைக் காலையில் வைத்தது நம் தவறு.

நமது நோட்டில் கடைசியாக இரத்தம் கொடுத்த தேதியே இல்லை. ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும். தேதி தெரியாமல் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறோம்.

சுவீடனில் ஒருவர் கொடுத்த இரத்தம் நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் அவருக்குக் குறுஞ்செய்தி போகிறது. நம் பிள்ளைகளும் அதைப்போல ஒன்றைத்தான் கேட்டார்கள்: "என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

எனவே இப்போது ஒவ்வொரு கோரிக்கைக்கும் நம் ஆள் ஒருவர் குடும்பத்தோடு நிற்கிறார். இரத்த வங்கியில் கேட்டு உறுதி செய்யாமல் வாட்ஸ்அப்பில் எதுவும் போடுவதில்லை. தேதியும் நேரமும் இல்லாத செய்தியை யாரும் அனுப்ப வேண்டாம். சுகமாகி வீடு திரும்பியவருக்கு மூன்று மாதம் கழித்து இரத்தம் தேடிய கூத்தும் நடந்திருக்கிறது. தேவை முடிந்ததும், நல்லபடியாக முடிந்தாலும் இல்லாவிட்டாலும், தேடிய அனைவருக்கும் தகவல் போக வேண்டும். முகாம் இனி ஞாயிறு மாலையில். ரமலானில் இஃப்தாருக்குப் பிறகு, வயிறாரச் சாப்பிட்டு வரலாம்.

அந்தத் தம்பி போன் வேலைக்கு இன்னும் திரும்பவில்லை. நோட்டை மட்டும் அவர் பார்த்துக்கொள்கிறார். "முடிந்தது" என்று நேரம் போட்டு எழுதுவது அவர்தான். இரவு முறையில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இன்னும் ஆள் இல்லை. பெயர் கொடுப்பவர்கள் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் அவரைப் பார்க்கலாம்.