ரோமில் முதல் நாள்: கொலோசியத்தை விட்டுடுங்க

ரோமுக்கு டிக்கெட் போட்டாச்சு, விசாவும் கைக்கு வந்தாச்சு, அடுத்து என்னன்னு இருக்கிறவங்களுக்கு இன்னைக்கு ஒரே ஒரு நாளைப் பத்தி மட்டும் பேசப்போறேன். போய் இறங்குற அந்த முதல் நாள்.

நம்மாளுங்க நிறைய பேர் காலையில இறங்குறதா இருந்தா, மதியமே கொலோசியத்துக்கு டிக்கெட் போட்டு வெச்சிடுறாங்க. வேண்டாங்க. ராத்திரி பூரா விமானத்துல உக்காந்து வந்திருப்பீங்க. இமிகிரேஷன்ல எவ்வளவு நேரம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. 2025 அக்டோபர்லேர்ந்து ஷெங்கன் நாடுகளுக்குள்ள நுழையும்போது கைரேகை, போட்டோ எடுக்கிற புது முறை வேற வந்திருக்கு. நேரம் குறிச்ச டிக்கெட்டோட அந்த வரிசையில நின்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கிறது எதுக்கு? முதல் நாள் டிக்கெட்டே இல்லாத நாளா இருக்கட்டும்.

ஃபியூமிசினோ விமான நிலையத்துலேர்ந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிஷத்துல தெர்மினி ஸ்டேஷனுக்கு வந்துடும். தலைக்கு 14 யூரோ. நாலு பேர் பெட்டி படுக்கையோட இருந்தா டாக்ஸியே கட்டுப்படியாகும். ஸ்டாண்டுல நிக்கிற வெள்ளை டாக்ஸியில மட்டும் ஏறுங்க. ஔரேலியன் மதிலுக்கு உள்ள எங்க இறங்கினாலும் ஒரே கட்டணம், வண்டிக் கதவுலயே எழுதியிருக்கும். அந்த மதில் 3ஆம் நூற்றாண்டுல, ஊருக்குள்ள படை புகுந்திடுமோங்கிற பயத்துல ஔரேலியன் பேரரசர் எழுப்பினது. 1,700 வருஷத்துக்கு மேல ஆகியும் டாக்ஸிக் கணக்குக்கு அதுதான் எல்லை!

ஓட்டல்ல ரூம் சாவி மதியம் ரெண்டு, மூணு மணிக்கு மேலதான் கிடைக்கும். பெட்டியை ரிசப்ஷன்ல ஒப்படைச்சிட்டுக் கிளம்பிடுங்க. பழைய ரோம் தெருக்கள்ல கையகலக் கறுப்புக் கல்லாப் பதிச்சிருக்கு, டிராலி சக்கரத்துக்கு அதுதான் எமன். ஹீல்ஸ் போடுறவங்களுக்கும்தான்.

நடக்க வேண்டிய பாதையைச் சொல்றேன். நவோனா சதுக்கத்துல ஆரம்பிச்சு திரேவி நீரூற்றுல முடியுது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனா ஒரு சாயங்காலம் முழுக்க ஓடிடும்.

நவோனா ஏன் சதுரமா இல்லாம இவ்வளவு நீளமா இருக்குன்னு கவனிங்க. டொமிஷியன் பேரரசர் கட்டின ஓட்டப்பந்தய மைதானம் அது. ஜனங்க உக்காந்து பார்த்த படிகள் இருந்த இடத்துல பின்னாடி வீடுங்க வந்துடுச்சு, ஓடின தரை சதுக்கமா நின்னுபோச்சு. நடுவுல பெர்னினி வடிவமைச்ச நீரூற்று, 1651ல முடிச்சது. நாலு மூலையில நாலு கல் மனுஷங்க, நாலு நதிகள். கையில துடுப்பு வெச்சிருக்கிறவரைத் தேடுங்க, அவர்தான் நம்ம கங்கை. இங்க கங்கா மாதா, அங்க ஆம்பிளை! முகத்தை மூடிக்கிட்டிருக்கிறது நைல், அது எங்க பிறக்குதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது.

அங்கேர்ந்து கொஞ்சம் நடந்தா சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி தேவாலயம். வெளியிலேர்ந்து பார்த்தா சாதாரணமா இருக்கும், தாண்டிப் போயிடாதீங்க. உள்ள இடது பக்கக் கடைசி மாடத்துல கரவாஜியோ வரைஞ்ச மூணு ஓவியங்கள், காசில்லாமப் பார்க்கலாம். இருட்டா இருந்தா பக்கத்துல பெட்டி இருக்கும், நாணயம் போட்டா விளக்கு எரியும். மதியம் கொஞ்ச நேரம் பூட்டிடுவாங்க, அதனால மூணு மணிக்கு மேல போங்க. தோளும் முட்டியும் மூடின துணி உடுத்தியிருக்கணும்.

அடுத்தது பாந்தியன், பழைய ரோமானியக் கோயில். உள்ள போக 2023லேர்ந்து டிக்கெட் உண்டு, அதனால இன்னைக்கு வெளியில நின்னு பார்த்தாப் போதும். முகப்புல அக்ரிப்பான்னு ஒரு பேர் பெருசா வெட்டியிருக்கும். பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியா வர்ற திரேவி நீரூற்று 1762ல கட்டி முடிச்சது, ஆனா அதுக்குத் தண்ணி வர்ற வழி கி.மு. 19ல இதே அக்ரிப்பா போட்டது. திரேவியில தொட்டி ஓரத்துக்கு இறங்க வரிசை நிக்கும். மேல நின்னு பார்த்தாலே நல்லாத் தெரியும்.

தண்ணி பாட்டில் வாங்காதீங்க. தெருமுனைகள்ல இரும்புக் குழாய்த் தூண் நிக்கும், வளைஞ்ச மூக்குலேர்ந்து தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். குடிக்கிற தண்ணிதான். குழாய் வாயை விரலால அடைச்சீங்கன்னா மேல இருக்கிற சின்னத் துளை வழியாப் பீச்சும், அப்படியே வாய் வெச்சுக் குடிக்கலாம்.

சாப்பாட்டுலதான் பலரும் திண்டாடுறாங்க. அங்க நல்ல ஓட்டல்கள்ல ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குத்தான் ஆரம்பிக்கும். கோடைக்காலத்துல நம்ம ஊர்க் கணக்குக்கு அது ராத்திரி பதினோரு மணி! பிள்ளைங்க அதுக்குள்ள தூங்கி விழுந்துடும். அதனால சாயங்காலமே எடை போட்டு விக்கிற பிட்சா கடையில, எவ்வளவு வேணும்னு கையாலயே காட்டி வெட்டி வாங்கிடுங்க. முழிச்சிருக்கத் தெம்பு இருந்தா காச்சோ எ பேப்பே சொல்லுங்க, மிளகும் பாலாடைக்கட்டியும் போட்ட பாஸ்தா. கறி இல்ல, ஆனா அந்தப் பாலாடைக்கட்டியை உறைய வைக்க ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கிற உறையைச் சேர்ப்பாங்க, சுத்த சைவக்காரங்க தெரிஞ்சுக்கணும். கார்பொனாரா பாஸ்தாவுல பன்றி இறைச்சி உண்டு. மிளகுன்னதும் ஞாபகம் வருது, நவோனா மைதானத்தைக் கட்டின அதே டொமிஷியன் ரோமுக்குள்ள மிளகுக்குன்னே ஒரு கிடங்கு கட்டினார். சரக்கு பழைய சேர நாட்டுத் துறைமுகமான முசிறிப் பக்கத்துலேர்ந்து கப்பல்ல போனது.

சதுக்கங்கள்ல கையில கயிறு கட்ட வருவாங்க, ரோஜாப்பூ நீட்டுவாங்க. நிக்காம நடங்க. ஸ்பானியப் படிக்கட்டுப் பக்கம் போனா உக்காராதீங்க, அபராதம் போடுவாங்க.

மறுநாள் விடிகாலை மூணு நாலு மணிக்கே முழிப்பு வந்துடும், கவலைப்படாதீங்க. கொலோசியத்துக்கு அன்னைக்குக் காலையில முதல் நேரத்துக்கு முன்பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. டிக்கெட்ல உங்க பேர் அச்சாகியிருக்கும், அதனால பாஸ்போர்ட்டை ரூம்ல விட்டுட்டுப் போயிடாதீங்க.