வருத்தம் என்று ஏற்றுக்கொள்வோம்

(எமது பாடசாலையின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற உளநலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எமது பேச்சு வழக்கில் நோயை "வருத்தம்" என்கிறோம். அதே சொல்லுக்குத் துயரம் என்ற பொருளும் உண்டு. மனச்சோர்வு நோய்க்கு இந்த இரு பொருளும் பொருந்தும். ஆனால் நாம் அதைத் துயரமாக மட்டுமே பார்க்கிறோம். அதனால்தான் சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் போகிறவர்கூட, இதற்கு "கனக்க யோசிக்காதை" என்ற புத்திமதியோடு வீட்டில் இருந்துவிடுகிறார்.

எல்லாக் கவலையும் நோயன்று. இழப்பு நேர்ந்தால் அழுவது இயல்பு. ஆனால் மனம் தாழ்ந்த நிலையோ, முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மையோ குறைந்தது இரண்டு வாரங்களுக்கு, பெரும்பாலும் நாள் முழுவதும் நீடித்து, அதனோடு நித்திரை, பசி, கவனம் என்பன குழம்பி, களைப்பும் குற்றவுணர்வும் சேர்ந்து, அன்றாட வேலைகள் பாதிக்கப்பட்டால், அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய வருத்தம். ஆண்களைவிடப் பெண்களை இது ஏறத்தாழ இரண்டு மடங்கு பாதிக்கிறது.

வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் ஒருவர், "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வது அரிது. தலையிடி, நாரி நோ, உடம்பெரிவு, விடியப்புறம் மூன்று மணிக்கே வரும் விழிப்பு ஆகியவற்றையே சொல்வார். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் இதே போன்ற களைப்பைத் தரும் என்பதால், இரத்தப் பரிசோதனை அவசியம். ஆனால் முடிவு சரியாக இருந்தால், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அவர் படும் வேதனையை அந்தச் சொல் பொய்யாக்கிவிடுகிறது.

வீட்டுக்குள் இந்த நோய் வேறு பெயர்களில் உலாவுகிறது. புள்ளிகள் குறைந்த மாணவிக்கு "படிக்கப் பஞ்சி". பிள்ளை பெற்ற சில வாரங்களில் குழந்தையைத் தூக்க மனமின்றி அழும் தாய்க்கு "பொறுப்பில்லாதவள்". பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே இருந்து பேச்சுக் குறைந்த முதியவருக்கு "அறளை". மூவருக்கும் இருப்பது சிகிச்சையால் குணமாகக்கூடிய ஒரே நோயாக இருக்கலாம். பெயர் பிழைத்தால் வைத்தியமும் பிழைக்கும்.

போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கடந்து வந்தவர்கள் நாம். தாங்கிக்கொள்வதைப் பெருமையாகப் பழகிவிட்டோம். ஆனால் தாங்கும் வலு எவ்வளவு இருந்தாலும், நோய் வந்தால் மருந்து தேவை.

மெல்லிய மனச்சோர்வுக்கு உளவளத்துணையும் பேச்சுவழிச் சிகிச்சையும் போதுமானதாக இருக்கலாம். கடுமையானால் குளிசைகளும் தேவை. மனச்சோர்வுக் குளிசைகள் நித்திரைக் குளிசைகள் அல்ல. அவற்றுக்கு அடிமையாவோம் என்ற பயமும் வேண்டாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லலாம். சுகமான பின்னரும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும். வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது. அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசம். இருந்தும், "கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும்" என்ற பயத்தில் கிளினிக் கொப்பியை ஒளித்துவைத்து, மருந்தை இடைநடுவில் நிறுத்தும் குடும்பங்கள் உண்டு. நோய் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இப்படி இருந்தால், புத்திமதி சொல்லாமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள். முதல் நாள் கிளினிக்குக்குக் கூடவே போங்கள். "செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. சொல்ல வழியில்லாதிருந்தவருக்கு வழி கிடைக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

இறுதியாக, எமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த விழாவுக்காக ஒவ்வொரு வகுப்பினரும் பெயர்ப்பட்டியல் தயாரித்தோம். அதில் பதில் அனுப்பாதவர்கள் இருக்கிறார்கள். "அவளுக்குப் பெருமை" என்று விட்டுவிடாமல், ஒவ்வொருவரும் அப்படியான ஒரு தோழியை இந்த மாதத்துக்குள் அழைத்து, "எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அவசரப்படாமல் காத்திருங்கள்.